பழைய காடி வாங்கலாம். பிறர் பேரில் வாங்காதீர்!

தோட்டப் பாட்டாளிக்குக் காடி எதற்கு என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிக் கேட்பவர் டுரியான் துங்கால், மாச்சாப் பக்கம் வந்து ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அலோர்காஜாவுக்கோ மலாக்காவுக்கோதான் ஓட வேண்டும். அந்நேரத்துக்கு எந்த பஸ் வரும்? கொட்டும் மழையில் கணவன், மனைவி, நடுவே இரண்டு பிள்ளைகள் என்று மோட்டார் சைக்கிளில் போவதைவிட ஒரு பழைய காடி எவ்வளவோ மேல். இது ஆடம்பரமல்ல, அவசியம்.

2009-ஆம் ஆண்டில், 15 வருடத்துக்கு மேற்பட்ட காடிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. ஏழைகள் வயிற்றில் அடிக்காதே என்று எதிர்ப்பு கிளம்பவே, சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நல்ல காரியம்தான். அதற்காக எந்தக் காடியையும் எப்படியும் வாங்கிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம்மவர் பலர் விழும் குழி 'சம்புங் பாயார்' என்பது. "முன்பணமாகக் கொஞ்சம் கொடு, மீதி மாதத் தவணையை நீ கட்டிக்கோ, காடி உன்னுடையது" என்பார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கடனும் கிராண்ட்டும் காப்புறுதியும் விற்றவன் பேரிலேயே இருக்கும். நீங்கள் கட்டும் தவணை அவன் கணக்கில்தான் ஏறும். காடி நொறுங்கினாலும் காப்புறுதிப் பணம் உங்கள் கைக்கு வராது.

1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் தவணைக்காரனுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் காடியை இழுக்க முடியும். அதற்கும் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ரொக்க விலையில் 75 விழுக்காடு கட்டியாகிவிட்டால், கோர்ட் உத்தரவில்லாமல் தொடவே முடியாது. ஆனால் இந்தக் கேடயம் ஒப்பந்தத்தில் பேர் உள்ளவனுக்குத்தான். நோட்டீசும் அவன் வீட்டுக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரிய வருவது, வாசலில் காடி இல்லாத அன்றைக்குத்தான்!

ஆகவே, கையில் உள்ள பணத்துக்குள் பழைய காடியாக வாங்குங்கள். உங்கள் பேரில் வாங்குங்கள். மிகப் பழைய காடிக்கு பேங்க் கடன் கிடைப்பது அரிது. அதற்காக ஆலோங்கிடம் போகாதீர்கள். காடி துருப்பிடித்துப் போன பிறகும் அவன் வட்டி நிற்காது.

1985-இல் வந்த புரோட்டான் சாகாவும், 1994-இல் வந்த பெரோடுவா காஞ்சிலும் நம்மவருக்கு நன்கு பழகியவை. இவற்றுக்குச் சாமான் மலிவு, எந்தப் போமனுக்கும் கைவந்த வேலை. சாலை வரியையும் பாருங்கள்: 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3 சாகாவுக்கு 70 வெள்ளி, 1.5-க்கு 90 வெள்ளி.

வாங்குமுன் தெரிந்த போமன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில், எஞ்சின் சூடாகுமுன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம். கால் வைக்கும் விரிப்பைத் தூக்கி, துரு இருக்கிறதா பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் முதல் செலவு அதுதான். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் கிராண்ட்டோடு ஒத்துப் பாருங்கள். பேர் மாற்றத்துக்கு முன் புஸ்பாக்கோம் போன்ற நிலையத்தில் பரிசோதனை நடக்க வேண்டும். அது தேறி, பேர் மாறும்வரை முழுப் பணத்தையும் நீட்டாதீர்கள்.

காப்புறுதியிலும் ஒரு சங்கதி உண்டு. 'நோ கிளேம்' கழிவு காடிக்குரியதல்ல, ஆளுக்குரியது. விற்பவனுக்கு 55 விழுக்காடு இருந்தாலும், புதிதாக வாங்கும் உங்களுக்கு முதல் வருடம் ஒன்றுமில்லை. இதையும் கணக்கில் போடுங்கள்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாகிவிடக் கூடாது. 2025-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் அரிசி, பள்ளிச் செலவு போக மிஞ்சுவதில்தான் டயரும் பேட்டரியும் வாங்கியாக வேண்டும். இரண்டாயிரம் வெள்ளி இருந்தால் அத்தனையையும் விலையாகக் கொடுக்காமல், ஒரு பங்கை ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, வீட்டு அம்மாவின் சம்மதத்தோடு வாங்குங்கள்.

காடி பழசாக இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை தோழர்களே. கிராண்ட்டில் உங்கள் பேர் இருக்கிறதா? அதுதான் கேள்வி.