ஜானி பிரைட்னா உடைஞ்ச தாடை மட்டும்தானா?

ஃபுட்பால்னதும் பீலே, மரடோனான்னு கிளம்பிடாதீங்க மக்களே. இது பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுற கனடா ஃபுட்பால். அணிக்கு 12 பேர், 110 கெஜ மைதானம். அதுல கொடிகட்டிப் பறந்தவர் ஜானி பிரைட். அவரைப் பத்தி யார் எழுதினாலும் ஒரே கதையைத்தான் எழுதறாங்க. என் சண்டையே அதோடதான்.

கதை இதுதான். 1951 அக்டோபர் 20. அமெரிக்காவுல டிரேக் பல்கலைக்கழகத்துக்கு ஆடின கறுப்பின மாணவர் பிரைட். எதிரணி ஓக்லஹோமா ஏ அண்ட் எம். அதோட ஆட்டக்காரர் வில்பேங்க்ஸ் ஸ்மித், முதல் ஏழு நிமிஷத்துக்குள்ள பிரைட்டை மூணு தடவை மயங்கி விழற மாதிரி அடிச்சார். பிரைட் பந்தை அடுத்தவர்கிட்ட கொடுத்த பிறகும் அடி. தாடை உடைஞ்சது. அதைப் படம் பிடிச்சவங்களுக்கு 1952-இல் புலிட்சர் பரிசு. அடிச்சவருக்குத் தண்டனை? ஒண்ணுமே இல்லை.

"பாவம், அப்புறம் கனடாவுக்குப் போயிட்டார்"னு உச்சுக் கொட்டி இதோட முடிச்சிடறாங்க. என்னங்க பாவம்? 1952-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை அந்த அணியில ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடினதில்லை. தென் மாநில ஆட்டக்காரர்கள் நடுவுல தன்னை எப்படி நடத்துவாங்களோன்னு யோசிச்சார், கனடாவைத் தேர்ந்தெடுத்தார். இதுக்குப் பேரு தப்பி ஓடறதா? மரியாதை கிடைக்கிற இடத்துலதான் உழைப்பேன்கிற முடிவு அது.

முதல்ல கால்கரி, 1954-லிருந்து எட்மன்டன். 1954, 55, 56 என்று வரிசையாக மூணு கிரே கோப்பை. 1959-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதை வாங்கின முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1964-இல் ஓய்வு பெறும்போது பந்தோட ஓடின தூரம் 10,909 கெஜம். அன்னிக்கு லீகிலேயே அதுதான் அதிகம். நடுவுல 1962-இல் கனடா குடியுரிமை. பள்ளி ஆசிரியராவும் வேலை பார்த்து, பிறகு தலைமையாசிரியர் ஆனார்.

1983-இல் இறந்தார். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவிச்சது 2005-இல்! 22 வருஷம் கழிச்சு யார் காதுல விழும்?

அந்த அடியை மறக்கச் சொல்லலை. ஆனா 13 வருஷ உழைப்பை விட்டுட்டு, அடி வாங்கின அந்த ஏழு நிமிஷத்தையே திரும்பத் திரும்பச் சொன்னா, கதாநாயகன் அடிச்சவர்தான், பிரைட் இல்லை. அநியாயத்துக்கு எதிரா எழுதறதா நினைச்சுக்கிட்டு நாமளும் அவரைத் தரையிலேயே படுக்க வைக்கிறோம். அடுத்த தடவை அந்தப் படத்தைப் போடறவங்க, பக்கத்துல 10,909-ஐயும் போடுங்க. அதுகூட முடியலைன்னா படத்தையும் போடாதீங்க.