சரித்திரம், பூகோளம் – ஒரே வாத்தியார்! நாளைய ஆசிரியர்கள் நினைப்பது என்ன?

சென்னை–
சரித்திரத்துக்கு ஒருவர், பூகோளத்துக்கு ஒருவர் என்பதெல்லாம் மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும்தான். தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளியில் இரண்டும் "சமூக அறிவியல்" என்ற ஒரே பாடம். பத்தாம் வகுப்பில் ஒரே தாள், 100 மார்க். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி.யும் 2024-இல் ஆறாம் வகுப்பின் மூன்று புத்தகங்களை ஒன்றாக்கிவிட்டது.

நாளை வகுப்பெடுக்கப் போகும் பி.எட். மாணவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அவர்களுக்குள் இரண்டு கட்சி!

சேர்ப்பதே சரி!

சேர்த்து நடத்துவதே சரி என்பது ஒரு கட்சி. நம் சென்னையையே பாருங்கள். 1639-இல் வெள்ளைக்காரர்கள் இங்கே இடம் பெற்றார்கள் என்பது சரித்திரம். கப்பல் ஒதுங்க வழியில்லாத திறந்த கடற்கரை என்பது பூகோளம். அதனால்தான் 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது.

மாலையில் நாம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் மணலும், வடசென்னை மீனவர் பறிகொடுத்த கரையும் ஒரே கதைதான். இதை இரண்டாக வெட்டினால் பிள்ளைக்கு என்ன புரியும்?

பயம் ஏன்?

"நான் படித்தது சரித்திரம். பருவக்காற்றை எப்படி நடத்துவேன்?" என்பது மறு கட்சியின் கவலை. பூகோளம் படித்தவருக்கோ, உலகப் போர் என்றால் உதறல்!

இதிலும் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் சமூக அறிவியலுக்கு 60 மார்க். எல்லாம் கலந்து வரும். பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சரித்திரம் தனி, பூகோளம் தனி. வகுப்பறைக்குள் நுழைந்ததும் மறுபடி கலவை!

நஷ்டம் யாருக்கு? பிள்ளைகளுக்குத்தான். வாத்தியாருக்குப் பிடிபடாத பாடம் அவசர அவசரமாக ஓடிவிடும். பரீட்சையில் மேப் கேள்வி வந்தால் பிள்ளை விழிக்கும்.

வழி இருக்கிறது!

2015 முதல் பி.எட். படிப்பு இரண்டு வருஷம். அதற்குள் சரித்திரப் பட்டதாரிக்குப் பூகோளமும், பூகோளப் பட்டதாரிக்குச் சரித்திரமும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரலாம். பயிற்சி வகுப்பில் ஆளுக்குப் பத்துப் பாடமாவது அடுத்த பாடத்திலிருந்து நடத்தச் சொல்லலாம்.

புத்தகங்களை ஒன்றாகத் தைப்பது சுலபம். பிள்ளையின் பையில் சுமை குறைந்தது, சந்தோஷம். வாத்தியாரின் பயம் எப்போது குறையும்?