ஷேக்கரில் பவுடர் மட்டும் போதும்

“மாஸ்டர், வேலை முடிஞ்சு நேரா வரணும். அதான் காலையிலயே பால்ல கலக்கி எடுத்துட்டு வந்துட்டேன்.” சென்னை பட்டினப்பாக்கத்தில் மாலை நேரத்தில் என்னிடம் ஜிம் பயிற்சிக்கு வரும் பையன்கள் பலர் சொல்வது இது. சிலர் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், சிலருக்கு தி.நகர் துணிக்கடைகளில் வேலை. காலை எட்டு மணிக்குக் கலக்கிய புரதப் பவுடர் ஷேக் வண்டி டிக்கியிலேயே நாளெல்லாம் வெயிலில் வெந்து, மாலை ஆறு மணிக்கு வயிற்றுக்குள் போகிறது. மறுநாள் வயிற்றுப்போக்கு என்று லீவு.

பவுடர் ஈரம் படாமல் டப்பாவில் இருக்கும்வரை சீக்கிரம் கெடாது. பாலோ தண்ணீரோ சேர்ந்துவிட்டால் அதுவும் சமைத்த சாப்பாடுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் பகலில் அந்தச் சூடு இருக்கிறது. புளிப்பு வாடை வரவில்லையே என்று நம்பிக் குடிப்பதும் தவறு. சில கிருமிகள் விடும் நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது.

இந்தப் பையன்களில் பலருடைய அம்மாக்கள் லூப் ரோட்டில் மீன் விற்றவர்கள். ஐஸ் தீர்ந்தால் வஞ்சிரம் என்ன விலைக்கு இறங்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை பாலை வெயிலில் வைக்கலாமா?

செய்ய வேண்டியது சுலபம். ஷேக்கரில் பவுடரை மட்டும் போட்டு, தண்ணீரைத் தனி பாட்டிலில் கொண்டுவா. குடிக்கும்போது கலக்கு. முன்கூட்டியே கலந்துதான் ஆகவேண்டுமென்றால் உடனே ஃப்ரிட்ஜில் வை, ஒரு நாளுக்குள் குடித்துவிடு. பச்சை முட்டையை அதில் உடைத்து ஊற்றாதே. குடித்த கையோடு ஷேக்கரின் மூடி, வாஷர் எல்லாவற்றையும் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவு.

உடற்பயிற்சி முடிந்த அரைமணிக்குள் குடிக்காவிட்டால் உழைப்பு வீண் என்ற பயம்தான் இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம். அந்தப் பயம் தேவையில்லை. நாள் முழுவதும் எவ்வளவு புரதம் சாப்பிட்டோம் என்பதுதான் முக்கியம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் சாதாரண ஆளுக்குப் போதும். பளு தூக்குகிறவனுக்குக் கூடுதலாக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம், அரை லிட்டர் பாலில் 15 கிராமுக்கு மேல் இருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டலும் நெத்திலிக் குழம்பும் வீட்டிலேயே உண்டு.

ஜிம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கில் விலை போட்டு டப்பா விற்கிறோம். அந்த லாபத்தில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஷேக்கர் கழுவ ஒரு சிங்க், நல்ல குடிதண்ணீர் வையுங்கள். இவை இல்லாத இடத்தில் பவுடர் விற்கக் கூடாது.