கடற்பாசி நூலில் ஓடும் வெளிச்சம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை ஏற்காட்டை உலுக்கி எடுத்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நின்றது. சேலம் பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். அதுவும் அடைபட்டால்? மாரமங்கலம் போன்ற மலை ஊர்களில் பிரசவ வலி எடுத்த பெண்ணை எந்த வழியாகக் கொண்டு செல்வது?

பெரும்பாலும் மலை சொல்லாமல் சரிவதில்லை. மழைநீர் உள்ளே இறங்குகிறது. மண் கனக்கிறது. பிடிப்புத் தளர்ந்து மெல்ல மெல்ல நகர்கிறது. இதை முன்கூட்டி அறிய ஒரு நூல் உதவும் என்கிறது விஞ்ஞானம். அதுதான் ஒளி இழை.

ஒரு முனையில் விளக்கைக் காட்டினால், இழை வளைந்திருந்தாலும் வெளிச்சம் மறுமுனைக்குப் போய்ச் சேரும். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, கண்ணாடி இழைக் கற்றையில் படத்தையே அனுப்பி, 1954-ல் லண்டனிலிருந்து உலகுக்கு அறிவித்தார். ஆனால் கண்ணாடி இழை அதிகம் நீளாமல் அறுந்துவிடும். ரப்பர் போன்ற மெல்லிய பொருளில் செய்த இழையோ மண்ணோடு சேர்ந்து நீளும். நீளும்போது உள்ளே ஓடும் வெளிச்சம் மாறும். அந்த மாற்றமே எச்சரிக்கை.

இன்னொரு புதுமையும் உண்டு. நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் கடற்பாசி காய்ச்சுவார்கள் அல்லவா? அதே பொருளில் பிரேசில் நாட்டுக் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் ஒளி இழை வார்த்தனர். அச்சுக்குள் கம்பிகளை நிறுத்திக் கூழை ஊற்றி, இறுகியதும் கம்பிகளை உருவினால் இழை தயார்! ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அதில் ஓடும் ஒளி வேறுபடும். வேலை முடிந்தபின் மண்ணில் மக்கிவிடும். பிளாஸ்டிக் குப்பை சேராது. ஆனால் வெயிலில் காய்ந்து சுருங்கும். ஆகவே மண்சரிவைக் காக்க ரப்பர் இழை. ஈரத்தையும் சுனைநீரையும் கவனிக்கக் கடற்பாசி இழை என்று பிரித்துப் பார்ப்பதே சரி.

கடற்பாசிக்கு நாம் பிரேசில் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிறார்கள். மண்டபத்தில் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மூணாறு மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் கருவிகளைப் புதைத்து, 2009 மழையிலேயே எச்சரிக்கை கொடுத்தது. மூணாற்றில் முடிந்தது சேர்வராயன் மலையில் முடியாதா?

அரசாங்கமும் கல்லூரிகளும் ஒரு சரிவையாவது தேர்ந்தெடுத்து, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இழையைப் புதைத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை மணி சேலத்து அலுவலகத்தில் மட்டும் ஒலித்தால் போதாது. மாரமங்கலத்திலும் ஒலிக்க வேண்டும்.