ராஸ் 1897-இல் கண்டது என்ன?

மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்துடன் விளக்குக. இளநிலை விலங்கியல் தேர்வில் நாம் அலுக்காமல் கேட்கும் கேள்வி இது. மாணவர்களும் ஸ்போரோசோவைட், மீரோசோவைட், கேமிட்டோசைட் என்று அம்புக்குறி போட்டு எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்று வைவாவில் கேட்டால்தான், "ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார் சார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ராஸ் கண்டது கொஞ்சம்தான். மலேரியா நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் சில உருண்டைச் செல்கள், அவற்றுக்குள் கருநிறத் துகள்கள். நோயாளிகளின் இரத்தத்தில் 1880-இல் லாவரான் கண்ட ஒட்டுண்ணியிலும் அதே துகள்கள் உண்டு. அதனால்தான் அந்தச் செல்கள் கொசுவுடையவை அல்ல என்று ராஸ் நம்பினார். அதற்கு மேல் சொல்ல அன்று ஆதாரமில்லை. கொசுவுக்குள் போனது மனிதனுக்கு எப்படித் திரும்புகிறது? கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் என்றுதான் அவருடைய வழிகாட்டி பாட்ரிக் மேன்சனே எண்ணியிருந்தார். 1898-இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டு, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைப் பார்த்து, அந்தக் கொசுக்களை நோயற்ற பறவைகள்மேல் விட்ட பிறகே விடை கிடைத்தது. அதுவும் பறவைக்கான விடை. மனிதனில் காட்டியவர்கள் இத்தாலியில் கிராசியும் அவருடைய கூட்டாளிகளும். (1902 நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போனது தனிக்கதை.)

கண்டது எது, அதை வைத்து எதுவரை சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே உயிரியல் பட்டம் முதலில் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. நம் மாணவர்களில் பலர் பள்ளிக்கும் வங்கிக்கும் மருந்து விற்பனைக்கும் போகப்போகிறவர்கள். கிரெப்ஸ் சுழற்சியை அவர்கள் மறந்தால் நட்டமில்லை. சர்க்கரை நோயை ஒரே மாதத்தில் விரட்டும் மூலிகை என்று வாட்ஸப்பில் வரும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றாவிட்டால்தான் மூன்று வருடமும் வீண்.

செய்முறை வகுப்பு இதற்கு உதவலாம். இப்போதைய வடிவில் உதவவில்லை. டிசெக்‌ஷனை நிறுத்தச் சொல்லி 2014-இல் யுஜிசி அறிவித்தது சரியான முடிவு. ஆனால் தவளை இருந்த இடத்தில் சார்ட்டையும் கணினிப் படத்தையும் வைத்துவிட்டு நாம் ஓய்ந்துவிட்டோம். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே எழுதிவிடலாம் என்னும்போது எதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது? நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி மேல்நிலைத் தொட்டிகளில் முட்டையிடுகிறது. ஸ்பாட்டரில் அதன் பெயரைச் சரியாக எழுதும் மாணவிக்கு, விடுதித் தொட்டியில் நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்கும் அனாபிலிஸ் புழுவையும் தலைகீழாகத் தொங்கும் கியூலெக்ஸ் புழுவையும் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டாமா? பத்துத் தொட்டிகளில் எண்ணச் சொன்னால் பத்து எண்ணிக்கை வரும். சராசரியும் திட்டவிலக்கமும் எதற்கு என்று அப்போது நாம் விளக்கத் தேவையிருக்காது.

வினாத்தாளிலும் ஒரு கேள்வியை மாற்றலாம். ராஸின் 1897 அவதானிப்பை மட்டும் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், அடுத்து என்ன சோதனை செய்வீர்கள் என்று கேட்கலாம். ஒரே விடை இல்லாததால் விடைக்குறிப்பு எழுதுவது கடினம். விடைத்தாள் திருத்தும் முகாமின் வேகத்துக்கும் இது ஒத்துவராது. ஆகவே அக மதிப்பீட்டுத் தேர்விலிருந்து தொடங்குவது நல்லது. அதற்கு யாருடைய ஒப்புதலுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.