ஊரும் உலாவும்: பன்னேருகட்டாக் காடு

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்றதும் லால்பாக்கும் கப்பன் பூங்காவுமே நினைவுக்கு வருகின்றன. அவை கண்ணுக்கினிய இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாநகரப் பேருந்திலேயே ஏறிப் போய், காட்டு யானை நடமாடும் வனத்தின் வாயிலில் இறங்கக்கூடிய பெருநகரங்கள் உலகில் மிகச் சிலவே. அத்தகைய பேறு நம் ஊருக்கு வாய்த்திருக்கிறது. அதை அறிந்தும் போகாதிருக்கும் அன்பர்களுக்காகவே இத் திங்கள் பன்னேருகட்டாவைப் பற்றி எழுதுகிறோம்.

நகரின் நடுவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பன்னேருகட்டா. கெம்பேகௌடா பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் 365ஆம் எண் பேருந்து அங்கே கொண்டுபோய் விடும். இக்காடு 1974ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் நூறு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்திருந்த அதன் பரப்பு, 2011இல் 260.51 சதுரக் கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இப்பெரிய காட்டின் ஓர் ஓரத்தில், வேலியிட்ட பகுதியை 2002இல் உயிரியல் பூங்கா என்று தனியே பிரித்து அமைத்தனர். மிருகக்காட்சிசாலையும் வண்டிச் சவாரியும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இப்பகுதியில் உள்ளவையே. சவாரியின்போது காணும் சிங்கமும் புலியும் வேலிக்குள் வளர்பவை. வேலிக்கு அப்பால்தான் யானையும் காட்டெருமையும் கடமானும் கரடியும் சிறுத்தையும் தம் விருப்பப்படி வாழும் உண்மையான காடு தொடங்குகிறது. இந்த வேறுபாட்டைக் குழந்தைகளுக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் மிருகக்காட்சிசாலை. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பள்ளியில் கன்னடம் பயிலும் பிள்ளை கூண்டின் முன் உள்ள பலகையைப் படிக்கட்டும். அருகில் நிற்கும் பாட்டி அதைத் தமிழில் சொல்லட்டும். புலி அங்கே ஹுலி. பாம்பு ஹாவு. யானை ஆனெ, மயில் நவிலு, முதலை மொசளெ, கடமான் கடவெ. கரடிக்கு இரு மொழியிலும் கரடி என்றே பெயர். கன்னட எழுத்து அறியாத முதியோர் இவ்வூரில் பல ஆண்டு வாழ்ந்தும் தம்மை அயலாராகவே எண்ணிக்கொள்வதுண்டு. பேரப்பிள்ளை வாசிக்கக் கேட்டால், இத்தனை நாளாக நம் வீட்டுச் சொல்லையே இவர்கள் வேறு ஒலியில் வழங்கி வந்தார்களா என்று வியப்பர்.

அடுத்தது சவாரி. இங்குள்ள சிங்கம் புலிகளின் வரலாற்றைப் பலர் அறியார். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டலாகாது என்று மத்திய அரசு 1998இல் ஆணையிட்டது. 2001இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதன் விளைவாக சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட விலங்குகளுக்குப் புகலிடம் அமைத்த இடங்களுள் பன்னேருகட்டாவும் ஒன்று.

கரடிகளின் கதை இதனினும் உருக்கமானது. மூக்கில் கயிறு கோத்த கரடியை ஒருவர் தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு வருவதும், தாய்மார்கள் குழந்தையின் பயம் தெளியக் கரடி மயிர் வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டுவதும் நம்மில் ஐம்பது வயது கடந்தோர் கண்ட காட்சிகளே. அந்தக் கயிறு கோப்பதற்காகக் குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்தனர் என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. கலந்தர் எனப்படும் சமூகத்தாரின் பரம்பரைத் தொழில் அது. கரடியைப் பிடுங்கிக்கொண்டால் அவர்கள் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்? வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் நிறுவனத்தார் கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்து கொடுத்தனர். பிள்ளைகளின் படிப்புக்கும் உதவினர். கர்நாடக வனத்துறையோடு சேர்ந்து அவர்கள் பன்னேருகட்டாவில் கரடிகளுக்கான காப்பகத்தை 2005இல் நிறுவினர். இந்நாட்டின் தெருக்களில் ஆடிய கடைசிக் கரடி எனப்படும் ராஜு 2009 டிசம்பரில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். மிருகத்திடம் இரக்கம் காட்டிய கையே மனிதனின் அடுப்பையும் மறக்காதிருந்ததை நாம் பெரிதும் போற்றுகிறோம்.

சவாரி வண்டியில் ஏறும் பெற்றோர்க்குக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் சவாரி வண்டியில் சென்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனின் கையைச் சிறுத்தை நகத்தால் கீறிக் காயப்படுத்தியது. சிறுத்தை பூனையினம், சன்னல் உயரம் அதற்கு ஓர் உயரமே அன்று. படம் பிடிப்பதற்காகக் கைபேசியையோ விரலையோ கம்பிவலை இடுக்கில் நீட்ட விடாதீர்கள். சன்னலோர இருக்கையில் பெரியவர் அமர்ந்து, குழந்தையை உட்புறம் இருத்துவதே நன்று. குழந்தை அழும். சற்று நேரம் அழட்டும்.

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2006இல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. வட்டக் கூரையின் கீழ் செடிகொடிகளுக்கிடையே பூச்சிகள் தோளிலும் தலையிலும் வந்து அமர்வதுண்டு. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டரசு 2019இல் ‘தமிழ் மறவன்’ என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததையும் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பெயர்தான் மறவன், உருவம் உள்ளங்கையில் அடங்கும்.

நடக்க விரும்புவோர் பன்னேருகட்டா ஊரில் உள்ள சம்பகதாம சுவாமி கோயிலுக்குச் செல்லலாம். செண்பக மாலை சூடிய திருமால் என்பது பெயரின் பொருள். கோயிலுக்குப் பின்னே குன்று எழுகிறது. அதன்மேல் நரசிம்மர் சந்நிதி உண்டு. படியேறி நின்றால் ஒரு பக்கம் மாடிக் கட்டடங்களாய் நெருங்கி வரும் நகரமும், மறுபக்கம் பச்சைப் பரப்பாய் விரியும் காடும் ஒருசேரத் தெரியும். குன்றுக்கு அப்பால் சுவர்ணமுகித் தீர்த்தம் உள்ளது. அதற்கு மேல் வனத்துறையின் அனுமதியின்றிக் காலெடுத்து வைக்கக் கூடாது. இது வெறும் சட்டத்துக்கான பேச்சன்று. புதர் மறைவில் நிற்கும் யானை பத்தடி தொலைவிலும் கண்ணுக்குத் தெரியாது.

ஆனெக்கல்லுக்கு அருகில் உள்ள முத்யாலமடுவு இன்னொரு நல்ல இடம். அருவி நீர் முத்து முத்தாய்ச் சிதறி மடுவில் விழுவதால் இப்பெயர். மடு என்னும் சொல் நமக்கும் உரியதே. ஆவணி முதல் கார்த்திகை வரை போனால் நீர் இருக்கும். கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் காண்பீர்கள். வழுக்குப் பாறையில் குழந்தைகளை ஏற விடலாகாது.

இனி யானைக்கு வருவோம். பன்னேருகட்டாக் காடு கர்நாடகத்தோடு முடிவதில்லை. தெற்கே தொடர்ந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளாய்த் தமிழ்நாட்டிற்குள் நீள்கிறது. தமிழ்நாட்டரசு 2014இல் காவேரி வடக்கு வனவுயிர் சரணாலயத்தையும், 2022இல் காவேரி தெற்கு சரணாலயத்தையும் அமைத்தது இத்தொடரைக் காப்பதற்கே. ஐப்பசிக்குப் பின் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து ஓசூர்ப் பக்கம் இறங்குகின்றன. அப்பக்கத்திலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கும் நம் அன்பர்கள் பலருக்கு இது புதிய செய்தியன்று. பரணில் தீப்பந்தமும் வெடியுமாக இரவெல்லாம் விழித்திருக்கும் தந்தையையும் தமையனையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். நகரத்துப் பிள்ளைக்கு யானை வேடிக்கை. அதே குடும்பத்தின் ஊர்க்காரருக்கு அது ஓராண்டுச் சோறு. இரண்டையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே நம் கருத்து.

யானை வயலுக்கு வருவதற்கு அதன் பேராசை மட்டும் காரணம் அன்று. காட்டின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குச் செல்ல அதற்கு வழி வேண்டும். பன்னேருகட்டாவில் கரடிக்கல் – மாதேஸ்வரா என்னும் வழித்தடம் அத்தகையது, மிக ஒடுங்கியது. இவ்வழிகளில் வீடும் வேலியும் கல் குவாரியும் எழும்போது யானை கிடைத்த இடத்தில் நுழைகிறது. காட்டைச் சுற்றிலும் இவற்றைக் கட்டுப்படுத்தும் பொருட்டுச் சூழல் உணர்திறன் மண்டலம் ஒன்றை வகுத்தார்கள். 2016இல் வெளிவந்த வரைவில் அதன் பரப்பு 268.96 சதுரக் கிலோமீட்டர். 2020இல் இறுதியாக அறிவிக்கப்பட்டபோது அது 168.84 சதுரக் கிலோமீட்டராகக் குறைந்திருந்தது. நூறு சதுரக் கிலோமீட்டர் தாளிலேயே மறைந்துபோயிற்று.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர் இருக்கலாம். நம் குடும்பங்களில் பலர் சீட்டுப் பணம் சேர்த்து ஒரு மனை வாங்க எண்ணி ஜிகணி, ஆனெக்கல், பன்னேருகட்டாப் பக்கங்களில்தான் தேடுகிறார்கள். ‘காட்டின் அழகு வாசலிலேயே’ என்று தரகர் சொல்லும் மனை, மண்டலத்திற்கு உட்பட்டதா, யானை வழியில் உள்ளதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். சர்வே எண்ணை மண்டல அறிவிப்போடு ஒப்பிட்டு, வனத்துறை அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் சேமிப்பு ஒரு பக்கம், யானையின் பாதை ஒரு பக்கம் என்று பின்னால் வழக்காட நேரக்கூடாது.

யானைகளைப் பற்றி இன்னொரு செய்தி. இதைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பார்கள். 2025 ஜூலையில் இப்பூங்காவின் யானைகளான சுரேஷ், கௌரி, சுருதி, துளசி நால்வரும் விமானமேறி ஜப்பானின் ஹிமேஜிப் பூங்காவுக்குக் குடிபோயினர். அவற்றைப் பேண வேண்டிய ஜப்பானியர் முன்னதாகவே இங்கு வந்து பழகிச் சென்றனர். புது ஊர் பழகும்வரை இங்குள்ள பாகர்களும் உடன் சென்று தங்கினர். வேலைக்காக ஊர் பெயரும் மனிதருக்கு இப்படி முன்னும் பின்னும் ஆள் அனுப்பும் வழக்கம் எங்கேனும் உண்டா என்று எண்ணி நாம் சிரித்துக்கொண்டோம்.

புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிறு கூட்டம் மிகுதி; சனிக்கிழமை காலை முற்பட்டுப் போனால் சவாரிக்கு நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. வெயிலில் நடை மிகுதியாதலால் முதியோர்க்குத் தொப்பியோ குடையோ தேவை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்வோர் தூக்குப் பாத்திரத்திலோ வாழையிலையிலோ கொண்டு செல்லுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டா. உணவை உண்பதற்குரிய இடம் வரும்வரை பையை இறுகக் கட்டி வையுங்கள். அங்குள்ள குரங்குகள் தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறக்க நம் வீட்டுப் பிள்ளைகளைவிட விரைவாகக் கற்றிருக்கின்றன.