வியர்வை தெரிகிறது, கணக்கு தெரியவில்லை

நடுவயதைத் தாண்டிய அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் பலருக்கு ‘ஸ்ட்ராட்-ஓ-மேடிக்’ என்றால் இன்றும் முகம் மலர்ந்துவிடும். 1961-இல் ஹால் ரிச்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த மேசை விளையாட்டு அது. ஆட்டக்காரருக்கு ஓர் அட்டை. அவர் ஒரு சீசன் முழுக்க ஆடியது அதில் எண்களாக இறங்கியிருக்கும். மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். தனிப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டை பிடிப்பவரின் அட்டை, 4 முதல் 6 வரை என்றால் பந்து வீசுபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு நேரே விடை இருக்கும். 7 அடிக்கடி விழும், 12 அபூர்வம் என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே இந்த அட்டைகள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. 1988-இல் நின்டென்டோவுக்கு வந்த ‘ஆர்.பி.ஐ. பேஸ்பால்’ வீடியோ விளையாட்டு வேறு ரகம். நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்கள் உண்டு. அணிப் பெயர்களுக்கு உரிமம் இல்லாததால் ஊர்ப் பெயர்கள்தான். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த குண்டு பொம்மைகள். ஆனாலும் யார் எப்படி அடிப்பார் என்பது ஆடுகிற பையனுக்கு மனப்பாடம். இதையெல்லாம் ‘பழைய நெனப்பு’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்றைய வீடியோ விளையாட்டுகளில் வியர்வைத் துளிகூடத் தெரிகிறது. ஏன் தோற்றோம் என்பதுதான் தெரிவதில்லை. புல்லுக்கு இன்னும் பச்சை பூசுவதை நிறுத்திவிட்டு, உள்ளே ஓடும் கணக்கைக் கொஞ்சம் திறந்து காட்டினால் புண்ணியமாகப் போகும்.